சுவருக்குள் ஐயாயிரம் முகங்கள்

தெய்வசிகாமணிக்குத் தன் முகத்தின் மேல் இருந்த ஆசைக்கு அளவே கிடையாது. கள்ளக்குறிச்சியில் துருகம் சாலை முனையில் ஒன்று, கச்சிராயபாளையம் பிரிவில் ஒன்று, சங்கராபுரம் பஸ் நிலையத்துக்கு எதிரில் ஒன்று என்று அவர் முகம் போட்ட பேனர்கள் பருவத்துக்கு ஒருமுறை மாறும். முகம் மட்டும் மாறாது. நாற்பது வயதில் ஸ்டூடியோவில் பிடித்த படம் அது. இப்போது ஐம்பத்திரண்டு. படத்தில் இருந்த முடியில் பாதி போய்விட்டது. புன்னகை மட்டும் அப்படியே நின்றுகொண்டிருந்தது.

தொழில், ரோடு காண்டிராக்ட். ஆசை, தலைவர் ஆவது. 2020 மார்கழியில் இட ஒதுக்கீடு கேட்டு மாவட்டமெங்கும் ஜனங்கள் கிராம அலுவலகம், தாலுகா அலுவலகம் என்று மனுவோடு திரண்டபோது, அவர்களில் பலர் பிள்ளைகளின் படிப்பை நினைத்து வந்தார்கள். தெய்வசிகாமணி கேமரா எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொண்டு வந்தார்.

அந்த வாரம்தான் அவர் பஷீர் அகமதுவின் பட்டறைக்குள் நுழைந்தார். பஷீர் பாய் முன்பு கைப்பிடி வைத்த பை செய்து ஊரெல்லாம் விற்றவர். பார்க்கத் துணி மாதிரி இருந்தாலும் அந்தப் பையும் பிளாஸ்டிக்தான் என்று அரசாங்கம் தடை போட்டதும், மாஸ்க், ஆஸ்பத்திரி கவுன், வாழைத்தாருக்குப் போடும் உறை என்று மாறிக்கொண்டார். மெஷினை ஓட்டுவது கமலா. கல்வராயன் மலையில், கரியாலூருக்குச் சற்றுக் கீழே அவள் வீடு. வாரத்தில் ஐந்து நாள் கீழே வேலை, சனிக்கிழமை மலை பஸ். புருஷன் பூமாலைக்கு மரவள்ளித் தோட்டமும் கூலி வேலையும்.

தறியில் நெய்யாமல், இழையை ஒட்டியும் பின்னியும் செய்கிற இந்தத் துணிகளோடு பதினோரு வருஷமாகக் கிடக்கிறாள் கமலா. கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினால் எது என்னவென்று சொல்லிவிடுவாள். ஊரில் மனிதர்களின் ஜாதியைத் தெரிந்து வைத்திருக்க ஆயிரம் பேர் இருந்தார்கள். நெய்யாத துணியின் ஜாதியைத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

தெய்வசிகாமணி வந்ததும் வராததுமாக அலமாரியில் இருந்த சுருள்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். மாஸ்க்கின் நடுவில் வைக்கிற மெல்லிய வெள்ளைச் சுருளைப் பிடித்து, இதில் பை போடு என்றார். அது மெல்ட்பிளோன், மூச்சில் வருகிற கிருமியைப் பிடிப்பதற்கென்று ஊதி எடுத்தது, கட்டைவிரல் அழுத்தினால் கிழிந்துவிடும் என்றாள் கமலா. அவர் அதை விட்டுவிட்டு, பக்கத்தில் இருந்த மிருதுவான துணியை எடுத்து நெற்றி வியர்வையைத் துடைத்தார். அது ஸ்பன்லேஸ். தண்ணீரைப் பீய்ச்சி இழைகளைப் பின்னியது, பியூட்டி பார்லரில் முகம் துடைக்கிற ஈரத்தாள் அதில்தான் செய்வது. தெரியாமலேயே சரியான உபயோகத்துக்குத்தான் எடுத்திருக்கிறார் என்று கமலா நினைத்துக்கொண்டாள்.

கடைசியில் ஸ்பன்பாண்டுக்கு வந்து சேர்ந்தார். உருக்கிய பிளாஸ்டிக்கை இழையாகக் கொட்டி, புள்ளி புள்ளியாகச் சூடு வைத்து அழுத்திய துணி. பழைய பை எல்லாம் அதுதான்.

தடை இருக்கிறது என்று பாய் தயங்கினார். தெய்வசிகாமணி கையை வீசினார்.

"நான் பாத்துக்கறேன் பாய். ஐயாயிரம் பை. ஒரு பக்கம் 'இருபது சதவீதம் எங்கள் உரிமை'. இன்னொரு பக்கம் என் போட்டோ, கலர்ல."

"கலர் போட்டோன்னா மேல பிலிம் ஒட்டணுங்க, அப்பதான் நிக்கும்" என்றாள் கமலா. "ஆனா ஒட்டிட்டா துணியோட கண்ணு எல்லாம் அடைஞ்சிடும். ஒரு சொட்டு தண்ணி எறங்காது."

"எறங்கக் கூடாதும்மா. எந்த மழை வந்தாலும் என் முகம் அழியக் கூடாது."

மாஸ்க் விலை விழுந்ததிலிருந்து பாய்க்குச் சரியாக வியாபாரம் இல்லை. ஒப்புக்கொண்டார். முகம் அச்சடித்து பிலிம் ஒட்டிய சுருள் வெளியூரிலிருந்து வந்து இறங்கியது. ஐயாயிரம் பையையும் வெட்டி, ஓரத்தைச் சூட்டில் ஒட்டி, கைப்பிடி வைத்தவள் கமலா. ஒன்பது நாள், அந்தப் புன்னகை அவள் கைக்குக் கீழே போய்க்கொண்டே இருந்தது.

பையைக் கொடுப்பதற்குத் தெய்வசிகாமணி நல்ல நாள் பார்த்தார். மாநாடு ஒன்று கூட்டி, மேடையில் நின்று கொடுக்க வேண்டும் என்று காத்திருந்தார். மாசி மாதம் சட்டம் வந்துவிட்டது. இருபது அல்ல, பத்தரை. அதே நாள் தேர்தலும் அறிவித்தார்கள். முகம் போட்ட பையைக் கையில் வைத்திருந்தாலே வழக்கு. தேர்தல் முடிந்த பிறகு நூறு பையை ஒரு கல்யாணத்தில் கொடுத்துப் பார்த்தார். வாங்கியவர்கள், மீதி ஒன்பதரை பைக்குள்ளே இருக்கிறதா என்று திறந்து பார்த்துச் சிரித்தார்கள். பந்தியில் ஒரு கிழவர், சட்டத்துக்குப் பிறகு பையைக் கொடுக்கிற முதல் போராளி இவர்தான் என்று உரக்கச் சொன்னாராம். மீதிப் பைகள் குடோனுக்குத் திரும்பின.

அந்த வருஷம் ஆனியில், கரியாலூருக்குக் கீழே மலைச்சாலையின் ஒரு வளைவு சரிந்தது. சாலையைத் தாங்கத் தடுப்புச் சுவர் கட்டும் வேலை தெய்வசிகாமணிக்குக் கிடைத்தது. எப்படிக் கிடைத்தது என்று யாரும் கேட்கவில்லை. அந்த வளைவுக்கு நேர் கீழேதான் கமலாவின் வீடு. ஹாலோ பிளாக் சுவரும் கான்கிரீட் கூரையுமாக, பதினோரு வருஷச் சம்பளத்தில் எழுந்த வீடு. உள்ளே இடுப்பெலும்பு முறிந்து கட்டிலோடு கிடக்கும் மாமியார் ராணியம்மாள். பின்னால் ஆடு கட்டும் கொட்டகை.

சுவரின் வரைபடத்தில் ஊசிக் கம்பளம் என்று ஒன்று இருந்தது. ஆயிரக்கணக்கான ஊசிகளால் குத்திக் குத்திக் கெட்டிப்படுத்திய தடித்த துணி. பார்க்கக் கார் தரையில் போடும் விரிப்பு மாதிரி இருக்கும். சுவருக்குப் பின்னால் அதை விரித்து ஜல்லி கொட்டினால், மழைத்தண்ணீர் அதன் வழியாக வடிந்து, சுவரில் பதித்த குழாய்களில் வெளியே வந்துவிடும். மண் மட்டும் உள்ளேயே நின்றுவிடும். தண்ணீர் வடியாவிட்டால் அந்தப் பாரம் முழுவதும் சுவரின் முதுகில்தான்.

பாய் அதற்கு விலைப்பட்டியல் அனுப்பினார். கமலாவே மாதிரித் துண்டைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். தெய்வசிகாமணி அதில் செருப்பைத் துடைத்துவிட்டு, வேறு இடத்தில் பேசியாகிவிட்டது என்றார்.

சுவர் வேலைக்குப் பூமாலையையே ஆளாக எடுத்தார்கள். வீட்டு வாசலிலேயே கூலி. பூமாலை பூரித்துப் போனான். புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை கமலா மலை ஏறி வீட்டுக்கு வந்தபோது, சுவர் முடிந்திருந்தது. கொட்டகையில் ஆணியில் ஒரு பை தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே மரவள்ளிக்கிழங்கு. வெளியே புன்னகை.

ஓரத்து ஒட்டலைப் பார்த்தாள். அவள் கை வேலை.

"யோவ், இது ஏது?"

"சைட்ல மீந்தது. மண்ணு அரிக்காம இருக்கச் சுவத்துக்குப் பின்னால துணி போடணும்னு சொல்லி, இத்தத்தான் கட்டுக்கட்டா எறக்கினாங்க. பிரிச்சிப் பிரிச்சி வரிசையா அடுக்கினோம். நல்ல கெட்டித் துணி, கமலா. கிழிக்கவே முடியல."

கமலா கிழங்கைத் தரையில் கொட்டினாள். பையில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றி, அதே ஆணியில் மாட்டினாள். பாய் பட்டறையிலிருந்து எப்போதோ கொண்டுவந்து மாமியாரின் கட்டிலுக்கு அடியில் விரித்திருந்த ஊசிக் கம்பளத் துண்டை உருவி, நாலு முனையையும் சேர்த்துக் கட்டி, அதிலும் தண்ணீர் ஊற்றினாள். கம்பளத்திலிருந்து தண்ணீர் தாரை தாரையாக இறங்கியது. பை அசையவில்லை. நிறை வயிற்றோடு தெய்வசிகாமணி சிரித்துக்கொண்டு தொங்கினார்.

"நான் ஒட்டினது, நீ அடுக்கினது" என்றாள் கமலா. "நல்லா சேந்துதான் வேலை செஞ்சிருக்கறோம், நம்ம வூட்டு மேல."

பூமாலை சாயங்காலம் வரை அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தான். பைக்கு அடியில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. ஆனால் காண்டிராக்டரிடம் போய்ச் சொல் என்று அவள் கேட்டபோது, தை மாதம் வேறு இரண்டு வளைவு வேலை வருகிறது, அதற்கும் கூப்பிடுவதாகச் சொல்லியிருக்கிறார், அதைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்றான். அவனை அவள் திட்டவில்லை. பையை இறக்கி மடித்து எடுத்துக்கொண்டாள்.

வேலையைப் பார்வையிட அதிகாரி வருகிற நாளில் பாயிடம் விடுப்பு சொல்லிவிட்டு மலையிலேயே நின்றாள். அதிகாரி ஜீப்பிலிருந்து இறங்கி, சுவரின் நீளத்தை டேப் வைத்து அளக்கச் சொன்னார். உள்ளே என்ன இருக்கிறது என்பதை டேப் சொல்லாது. கமலா இரண்டு கொம்பு நட்டு, ஒன்றில் பையையும் மற்றதில் கம்பளத்தையும் கட்டி, தண்ணீர் ஊற்றிக் காட்டினாள். அதிகாரி சிறிது நேரம் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. புரிந்ததை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை.

தெய்வசிகாமணி முன்னால் வந்தார்.

"மாஸ்க் தைக்கிற பொம்பளங்க. நாலு வாரம் ஆஸ்பத்திரிக்குக் கவுன் தெச்சாங்க, இப்ப இன்ஜினியர் ஆயிட்டாங்க. ஏம்மா, நான் பொறந்ததுலேந்து ரோடு போட்டுக்கினு இருக்கறேன்."

"போட்ட ரோட்ட எல்லாம் நாங்க பாத்துக்கினுதாங்க இருக்கறோம்" என்றாள் கமலா.

கூலியாட்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். சிரிப்பு காதில் விழக் கூடாது என்று. அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எழுதிக் கொடுங்கள், பரிசீலிக்கிறோம் என்று சொல்லி ஜீப்பில் ஏறினார். கமலா எழுதியும் கொடுத்தாள். அந்த மனு எந்தக் கோப்புக்குள் போய் உட்கார்ந்ததோ, அதுவும் தண்ணீர் வடியாத இடமாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

ஐப்பசிக் கடைசியில் மழை பிடித்தது. சாதாரண மழை இல்லை. கோமுகி அணைக்கு வெள்ளம், ஆற்றோரம் போகாதே என்று கீழே தண்டோரா. மேலே மூன்று நாளாகச் சூரியனே இல்லை. வெள்ளிக்கிழமை மதியம் பாதை அடைபடும் என்று தெரிந்து, கமலா கடைசி பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்கு வந்தாள். வந்ததும் தோள்பையைக்கூட இறக்கி வைக்காமல் சுவரடிக்குப் போனாள்.

மலையில் ஒவ்வொரு பாறையிலும் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. மரத்தின் தூரில் வழிந்தது, படிக்கட்டில் வழிந்தது. சுவரில் இருந்த பதினெட்டுக் குழாய்களில் மட்டும் ஒரு சொட்டு இல்லை. குழாய்களின் வாயில் சிலந்தி கட்டிய வலை அறுபடாமல் இருந்தது. சுவரின் நடுவில், போன வாரம் இல்லாத ஒரு தொப்பை விழுந்திருந்தது.

பூமாலையும் வந்து நின்று பார்த்தான். சிலந்தி வலையைப் பார்த்தான். வீட்டுக்கு ஓடி, பக்கத்துத் தோட்டத்துக்காரர் கண்ணாயிரத்தைக் கூப்பிட்டு, கட்டிலோடு அம்மாவைத் தூக்கினான். ராணியம்மாள் மழையில் நனைந்துகொண்டே, எந்தக் கட்டையில போறவன் கட்டின சுவரு இது என்று வழி நெடுகக் கேட்டுக்கொண்டு போனாள். பள்ளிக்கூடத்து வராந்தாவில் கட்டிலை வைத்தார்கள். ஆடுகளையும் ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்த்தார்கள்.

திரும்பி வந்தபோது கமலா கொட்டகையிலிருந்து நீளக் கடப்பாறையை எடுத்து வைத்திருந்தாள்.

"சர்க்காரு சுவரு கமலா. ஒடச்சா கேஸ் போடுவாங்க."

"குழாய்க்குள்ளதான்யா உடப்போறேன். தண்ணிக்கு வழி உட்டதுக்கு எவன் கேஸ் போடுவான்? நீ புடிக்கறியா, நான் புடிக்கட்டுமா?"

பூமாலை மழையில் நின்று சுவரைப் பார்த்தான். தை மாதத்து இரண்டு வளைவுகள் அவன் கண்ணில் ஒரு கணம் வந்து போயிருக்கும். பிறகு கடப்பாறையை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டான்.

நேர் எதிரில் நிற்க வேண்டாம், ஓரத்துப் பாறை மேல் நின்று பக்கவாட்டில் குத்து என்று கமலா சொன்னாள். முதல் குழாயில் விட்டுக் குத்தினான். உள்ளே ஏதோ ரப்பர் மாதிரி மெத்தென்று திருப்பித் தள்ளியது. இரண்டாம் குத்து, மூன்றாம் குத்து. கிழிக்கவே முடியாத கெட்டித் துணி என்று அவனே மெச்சிய துணி. நாலாவது குத்தில், பொத்தென்று ஒரு சத்தம். கடப்பாறையை உருவுவதற்குள் செம்மண் தண்ணீர் குழாய் நிறையப் பீறிட்டு ஆறடி தள்ளிப் போய் விழுந்தது. கூடவே ஒரு துண்டும் வந்து விழுந்தது. ஒரு காது, பாதி மீசை.

இருவருமாக மாறி மாறிக் குத்தினார்கள். பதினெட்டில் பதினொன்றைத் திறந்தார்கள். மற்ற ஏழும் நடுத்தொப்பைக்கு நேரே இருந்தன. அங்கே போக அவள் விடவில்லை. பொழுது சாய்வதற்குள் தண்ணீர் பதினொரு வாயாலும் வழிந்து, ஓடையோடு சேர்ந்து, வீட்டைத் தொடாமல் இறங்கியது. நடுவில் மட்டும் மேல் வரிசைக் கற்கள் சடசடவென்று உதிர்ந்து, கொட்டகையின் ஒரு மூலையை நசுக்கிவிட்டு நின்றன. அவ்வளவுதான். வீடு நின்றது.

மறுநாள் காலை மழை விட்டு, பாதை திறந்ததும், அந்த வழியே வந்த ஜீப்புகள் எல்லாம் அந்த வளைவில் நின்றன. கல் உதிர்ந்த இடத்தில் சுவரின் வயிறு திறந்து கிடந்தது. உள்ளிருந்து பைகள், முப்பதோ நாற்பதோ, கைப்பிடியில் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு தொங்கின. சேறு கழுவிப் போன ஒவ்வொன்றிலும் பளபளவென்று அதே புன்னகை. எந்த மழைக்கும் அழியவில்லை. அருவி பார்க்க வந்தவர்கள், அருவியை விட்டுவிட்டு இங்கே படம் பிடித்தார்கள். மத்தியானத்துக்குள் கள்ளக்குறிச்சியில் செல்போன் வைத்திருந்த அத்தனை பேரும் பார்த்துவிட்டார்கள். வாழ்நாள் முழுவதும் தெய்வசிகாமணி ஆசைப்பட்ட விளம்பரம், ஒரு பேனர்கூடக் கட்டாமல் கிடைத்தது.

அவர் ஓடி வந்தார். வந்த வேகத்தில், அத்தனையையும் உருவி எடுங்கள் என்று ஆட்களை விட்டார். முதல் பையை உருவியதும் அதன் பின்னாலிருந்த மண் ஒரு கூடை கொட்டியது. இரண்டாவதை உருவினார்கள், இரண்டு கல் உருண்டது. மூன்றாவதுக்கு, கூட வந்திருந்த அதே அதிகாரி கத்தினார். மண்ணை இப்போது பிடித்துக்கொண்டிருப்பதே அந்தப் பைகள்தான், ஒன்றைத் தொட்டாலும் சாலை இறங்கிவிடும் என்றார். பெரிய அதிகாரிகளும் படம் பார்த்துவிட்டார்கள். இனி அவருக்கும் வேறு வழியில்லை. ஒப்பந்தப்படி ஐந்து வருஷம் சுவர் காண்டிராக்டர் பொறுப்பு. வரைபடத்தில் உள்ளபடியே, வரைபடத்தில் உள்ள துணியைப் போட்டு, மறுபடி கட்டித் தர வேண்டும் என்று அங்கேயே எழுதிக் கையெழுத்து வாங்கினார். அதுவரை பைகள் தொங்க வேண்டியதுதான்.

திங்கட்கிழமை தெய்வசிகாமணி பட்டறைக்கு வந்தார். சட்டை கசங்கியிருந்தது. ஊசிக் கம்பளச் சுருளுக்குப் பாயிடம் சொல்லிவிட்டு, கமலாவின் மெஷினுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, கம்பளம் வந்து வேலை தொடங்க இருபது நாள் ஆகும், அதுவரை அந்த முகங்களை மூட ஏதாவது ஒரு துணி வேண்டும், கறுப்பாக இருந்தால் நல்லது என்றார்.

கமலா மெஷினை நிறுத்தவில்லை. பக்கத்துப் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"முகத்த மூடறதுன்னா மாஸ்க் இருக்குதுங்க. மூணு அடுக்கு. நீங்க ஒருத்தர் போட்டுக்கினா போதும்."

பஷீர் பாய் கணக்குப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தெய்வசிகாமணி மாஸ்க்கை வாங்கி மாட்டிக்கொண்டுதான் தெருவில் இறங்கினார்.

கார்த்திகையில் பதினாறு கம்பளச் சுருள்கள் மலை ஏறின. கூடவே கமலாவும் ஏறினாள். பூமாலையும் மற்ற ஆட்களும் சுருளைப் பிரிக்க, அவள் ஒவ்வொரு சுருளிலும் ஒரு குடம் தண்ணீரை ஊற்றினாள். வடிகிறதா என்று குனிந்து பார்த்தாள். வடிந்த பிறகுதான் அடுத்ததைத் தொட விட்டாள். எல்லாச் சுருளும் நல்ல சுருள்தான், பாயே அனுப்பியது, அவளுக்கும் தெரியும். இருந்தாலும் ஒன்றைக்கூட அவள் விடவில்லை. தெய்வசிகாமணி வெயிலில் நின்று, பதினாறு குடமும் முடிகிற வரை காத்திருந்தார்.